இசைக் கல்லூரி மாணவர்களுக்கு மேடை எங்கே கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடக இசையைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டு அரசு இசைக் கல்லூரிகள், மாவட்ட இசைப் பள்ளிகள், பல்கலைக்கழக இசைத் துறைகள் ஆகியவற்றில் படிப்பவர்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவன். அதனால் வாய்ப்பாட்டு உதாரணங்கள் சற்று அதிகமாக வரும்.

முதல் ஆண்டு மாணவர் மேடை ஏறலாமா, படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

காத்திருக்க வேண்டாம். ஆனால் முதல் ஆண்டிலேயே தனிக் கச்சேரி வேண்டும் என்று துடிக்கவும் வேண்டாம். கோஷ்டியாகப் பாடுவது, பத்து நிமிஷம் இரண்டு உருப்படி (பாட்டு) பாடுவது, சீனியர் மாணவருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போடுவது எல்லாமே மேடைதான். தம்புரா போடுகிற பிள்ளைக்குக் கிடைக்கிற பாடம் வகுப்பில் கிடைக்காது. பாடகர் எந்த இடத்தில் மிருதங்கக்காரரைப் பார்க்கிறார், நேரம் குறைந்துவிட்டால் எந்தப் பாட்டை விடுகிறார், தொண்டை கட்டினால் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையெல்லாம் ஓரடி தூரத்தில் இருந்து பார்க்கலாம்.

கல்லூரிக்குள்ளேயே என்ன வாய்ப்பு இருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஆண்டு விழா, தியாகராஜர் ஆராதனை, சரஸ்வதி பூஜை, சிறப்பு விருந்தினர் வரும்போது இறைவணக்கம் என்று பல. சென்னை அடையாறில் பிராடி கோட்டையில் இருக்கும் இசைக் கல்லூரி 1949இல் தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர்தான் முதல்வர். மேடையில் உச்சத்தில் இருந்தவர்கள் வகுப்பறைக்கு வந்து சொல்லிக்கொடுத்த மரபு இந்தக் கல்லூரிகளுடையது. சிதம்பரத்தில் 1929இல் தொடங்கி, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இசைக் கல்லூரியும் அப்படித்தான். ஆசிரியரிடம் மேடை அனுபவம் பற்றிக் கேளுங்கள். பாடத்திட்டத்தில் இல்லை என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது சக மாணவர்கள். ஒரே கட்டடத்தில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், வீணை எல்லாம் படிக்கிறார்கள். தனியாக ஒரு குருவிடம் வீட்டில் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கச்சேரி மாதிரியே பாடி வாசியுங்கள். நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது. தப்பு வந்தாலும் தாண்டிப் போக வேண்டும். கச்சேரிக்குத் தேவையான பழக்கம் அதுதான். வகுப்பில் நாம் பழகுவது நிறுத்தித் திருத்துவதை.

டிசம்பர் சீசனில் மாணவர்களுக்கு இடம் உண்டா?

உண்டு. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் மியூசிக் அகாடமி பிறந்தது. மறு வருஷம் முறையாகத் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வளர்ந்த டிசம்பர் விழா இப்போது நகரம் முழுக்கப் பரவி நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய சபாக்களில் (கச்சேரி நடத்தும் அமைப்புகளில்) மாலைக் கச்சேரி மூத்தவர்களுக்கு. மதியம் 12 மணி, 2 மணி வாக்கில் நடப்பவை ஜூனியர் ஸ்லாட். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது.

ஜூனியர் ஸ்லாட் என்றால் காலி நாற்காலிக்குத்தான் பாட வேண்டும் என்று பயப்படுகிறார்கள். 12 மணிக்குக் கூட்டத்தில் பாதி கேன்டீன் பக்கம் நகரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்துக்கென்றே வருகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் ராகம் குறித்துக்கொண்டு, புதுக் குரல் யார் என்று தேடி வருபவர்கள் அவர்கள். சபா கமிட்டியில் இருப்பவர்களும் வந்து ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷத்து அழைப்பு பல சமயம் அந்த ஓரத்திலிருந்துதான் வருகிறது.

சபாவுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

சீசனுக்கு நவம்பரில் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஜூன், ஜூலையிலேயே அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். பெயர், வயது, எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு, யாரிடம் கற்றுக்கொள்கிறீர்கள், இதுவரை எங்கே பாடியிருக்கிறீர்கள், வானொலி கிரேடு (ஆகாஷவாணி தேர்வு வைத்துத் தரும் தகுதி) இருந்தால் அது. "இளம் இசைப் புயல்" போன்ற அடைமொழிகளைப் போடாதீர்கள். படிப்பவர் பலர் ஐம்பது வருஷமாகக் கச்சேரி கேட்பவர்கள்.

அதோடு ஒரு ஒலிப்பதிவு. 15 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு ராக ஆலாபனை (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரிப்பது), ஒரு கிருதி (பாட்டு), கொஞ்சம் கல்பனாஸ்வரம் (அப்போதே கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்). எதிரொலி சேர்க்காமல், வெட்டி ஒட்டாமல், நிஜக் குரல் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். போனை ஆறடி தள்ளி வைத்துப் பதிவு செய்தாலே போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

அனுப்பிய பிறகு ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கலாம். செயலாளர் இருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு, மாலைக் கச்சேரி நடக்கும் நாளில் போங்கள். வணக்கம் சொல்லி, விண்ணப்பித்த விஷயத்தைச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து கச்சேரியைக் கேட்டுவிட்டு வாருங்கள். கேட்க வராமல் பாட மட்டும் வருகிற பிள்ளைகளை சபாக்காரர்கள் நன்றாக அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

ஸ்லாட்டுக்குப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். "ஸ்பான்சர் பிடித்துக் கொடுங்கள்", "இத்தனை டிக்கெட் விற்றுக் கொடுங்கள்", "நன்கொடையாகக் கொஞ்சம்" என்று பல பெயர்களில் வரும். எல்லா சபாவும் அப்படி இல்லை. ஆனால் சில இடங்களில் இது நடக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. வசதியுள்ள குடும்பம் கொடுத்துவிடும். நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளையும் விவசாயி வீட்டுப் பிள்ளையும் வெளியே நிற்கும். உங்களால் கொடுக்க முடிந்தாலும், அந்தப் பணத்தில் இரண்டு வருஷம் நல்ல பக்கவாத்தியத்தோடு பயிற்சி செய்யலாம். பணம் கேட்காத மேடைகள் நிறைய இருக்கின்றன.

அந்த மேடைகள் எவை?

முதலில் கோயில்கள். நவராத்திரி ஒன்பது நாளும், பிரம்மோற்சவ நாட்களிலும் பல கோயில்களில் இசை நிகழ்ச்சி வைக்கிறார்கள். உங்கள் ஊர்க் கோயில் செயல் அலுவலரிடமோ உபயதாரரிடமோ ஒரு மாதம் முன்பே கேளுங்கள். வீட்டுக் கொலுவையும் குறைவாக நினைக்காதீர்கள். மைக் இல்லாமல் பத்துப் பேர் முன்னால் பாடுவது தைரியத்துக்கு நல்ல பயிற்சி.

சென்னை லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இளம் பிள்ளைகளுக்கென்று கச்சேரி நடத்தும் வழக்கம் உண்டு. மைக் கிடையாது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்பார்கள். குரலைத் தானாகவே திறந்து பாட வேண்டிய கட்டாயம் அங்கே வரும். இப்போது பலர் மைக்கை நம்பியே சன்னமாகப் பாடிப் பழகிவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

அப்புறம் இளைஞர்களுக்காகவே இருக்கும் அமைப்புகள். 1985இல் தொடங்கிய ஒய்.ஏ.சி.எம். (யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக்) என்ற இளைஞர் சங்கத்தின் மேடையில் பாடிய பிள்ளைகள் பிற்பாடு பெரிய வித்வான்களாக வந்தார்கள். மார்கழி மாதம் விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய பஜனையும் நினைவுக்கு வருகிறது. அந்த மாதிரி வீதி பஜனை இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. அதில் பாடுவதற்கு யாரும் விண்ணப்பம் கேட்பதில்லை.

திருவையாறு ஆராதனையில் மாணவர் பாடலாமா?

தாராளமாக. தியாகராஜர் 1847 ஜனவரி 6ஆம் தேதி சித்தியடைந்தார். புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று ஆராதனை. அன்று காலை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். உங்களுக்கு ஐந்தும் மனப்பாடமாக இருந்தால் போய் உட்கார்ந்து பாடலாம். பெயர் பெற்றவர், மாணவர் என்ற பேதம் அந்த ஒரு மணி நேரம் இல்லை. சமாதியை எடுத்துக் கட்டி, பெண்களும் அங்கே பாட வழி செய்த பெங்களூர் நாகரத்தினம்மாளை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பாட விரும்பினால் விழாவை நடத்தும் சபாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கிற நேரம் மிகக் குறைவு, சில நிமிஷங்கள்தான். ஒரு மேடையில் ஒருவர் பாடும்போதே பக்கத்து மேடையில் அடுத்தவர் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். அதனால் பெரிய ராகம் எடுத்துக்கொண்டு பாதியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரே கிருதி, தியாகராஜருடையது, மத்திம காலத்தில் (நடுத்தர வேகத்தில்) இருந்தால் நல்லது. சுருதியைச் சேர்த்துவிட்டு மேடை ஏறுங்கள். ஏறிய பிறகு சேர்க்க நேரம் இருக்காது.

கேரளத்தில் குருவாயூர் ஏகாதசியை ஒட்டி நடக்கும் செம்பை சங்கீதோற்சவமும் இப்படித்தான். பாடகர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஆளுக்குச் சில நிமிஷம். கல்லூரி விடுமுறை ஒத்துவந்தால் போய் வாருங்கள்.

ஒரு மணி நேரக் கச்சேரிக்கு எப்படித் திட்டம் போடுவது?

இன்று நாம் பாடும் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கி, துரிதமான சின்ன உருப்படிகள், நடுவில் கனமான மெயின் (முக்கியப் பாட்டு), தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி), கடைசியில் துக்கடா (சின்னச் சின்னப் பாட்டுகள்) என்ற வரிசை. அது மூன்று மணி நேரத்துக்கும் பொருந்தும், ஒரு மணி நேரத்துக்கும் பொருந்தும். மாணவர்கள் செய்கிற பொதுவான தப்பு, மூன்று மணி நேரக் கச்சேரியின் எல்லா அம்சத்தையும் ஒரு மணிக்குள் திணிப்பது.

நான் சொல்லும் கணக்கு இது. வர்ணம் 5 நிமிஷம், ஒரே காலத்தில் (வேகத்தில்) சுருக்கமாக. பிறகு பிள்ளையார் மேல் அல்லது வேறு தெய்வத்தின் மேல் ஒரு சின்னக் கிருதி, 6 நிமிஷம், இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரம். அடுத்து பிரதி மத்தியம ராகத்தில் (மேல் 'ம' வருகிற ராகத்தில்) ஒன்று. முதல் இரண்டும் சுத்த மத்தியமமாக (கீழ் 'ம') இருந்தால் காதுக்கு இந்த மாற்றம் தேவை. அதில் 3 நிமிஷ ஆலாபனையோடு 12 நிமிஷம். மெயினுக்கு 28 நிமிஷம்: ஆலாபனை 7, வயலின் ஆலாபனை 4, கிருதி நிரவல் (ஒரு வரியைப் பல விதமாக விரிப்பது) ஸ்வரத்தோடு 11, தனி 6. மிச்சம் இருப்பதில் ஒரு திருப்புகழோ தேவாரமோ, மங்களம். தனிக்கு 6 நிமிஷம் என்று மிருதங்கக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்து விரலைக் காட்டிக் குறைக்கச் சொல்வது அவருக்கு அவமானம்.

மெயினுக்கு கல்யாணி, தோடி, காம்போதி, சங்கராபரணம், கரகரப்ரியா, பைரவி இவற்றில் உங்களுக்கு எது கையில் நிற்கிறதோ அது. அபூர்வ ராகம் பாடி அசத்தலாம் என்ற எண்ணத்தைப் பத்து வருஷம் தள்ளி வையுங்கள்.

பக்கவாத்தியத்துக்கு யாரைக் கேட்பது, என்ன கொடுப்பது?

சபா ஏற்பாடு செய்தால் சரி. இல்லாவிட்டால் கல்லூரித் தோழர்களையே கூப்பிடுங்கள். பேர் பெரிய பக்கவாத்தியம் வைத்தால் கச்சேரி சோபிக்கும் என்று நினைத்து மூத்தவர்களை அழைத்து, மேடையில் அவர் முன்னால் சுருங்கிப்போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றாகப் பழகிய மூன்று மாணவர்கள் சேர்ந்து வாசிக்கும்போது கிடைக்கும் இணக்கம் தனி.

அழைக்கும்போதே உங்கள் சுருதியைச் சொல்லுங்கள். 1 கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் அளவு) வாசிக்கும் மிருதங்கம் வேறு, 5 கட்டைக்கு வேறு. முதல் நாள் இரவு சொன்னால் அவர் வாத்தியத்துக்கு எங்கே போவார்? நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் அவர் வந்து மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத்தில்) ரவை ஒட்டி, சுருதி சேர்த்து முடிக்கவும் இடம் வேண்டும்.

பணம் பற்றி: ஜூனியர் கச்சேரிகளில் பல இடங்களில் சன்மானம் மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. கிடைப்பதை மூன்று பேரும் பங்கிட்டுக்கொள்வது நல்ல முறை. ஒன்றும் கிடைக்காத இடத்திலும் பக்கவாத்தியக்காரருக்கு ஆட்டோ செலவும் சாப்பாடும் பாடகர் பொறுப்பு. மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

வயலின், மிருதங்க மாணவர்களுக்குத் தனி வழி இருக்கிறதா?

வாய்ப்பாட்டு மாணவரைவிட இவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும். ஒரு பாடகருக்கு மாதம் ஒரு கச்சேரி என்றால், நன்றாக வாசிக்கும் வயலின் மாணவர் நாலு பேருக்கு வாசிக்கலாம். பரதநாட்டிய அரங்கேற்றங்களும் இருக்கின்றன. பாடகர், வயலின், மிருதங்கம், புல்லாங்குழல் எல்லோருக்கும் அங்கே தேவை உண்டு. சன்மானமும் ஒழுங்காக வரும். ஆனால் அது வேறு வித்தை. நடனமாடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். பதத்தில் (அபிநயத்துக்கான பாட்டில்) ஒரே வரியை எட்டு முறை பாடச் சொல்வார்கள். எட்டும் எட்டு விதமாக இருக்க வேண்டும். பழகினால் சங்கதி பாடும் அழகு கூடும். சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு வரும் குழுக்களோடு போய்ப் பார்க்கலாம்.

வீணை, குழல் தனிக் கச்சேரிக்கு சபாக்கள் கொடுக்கும் இடம் குறைவுதான். இந்த மாணவர்கள் வானொலியை முதலில் குறிவையுங்கள்.

வானொலித் தேர்வு எப்படி?

ஆகாஷவாணியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று கிரேடுகள். மாணவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது பி கிரேடுக்கு. குரல் தேர்வில் உங்களுக்குத் தெரிந்த உருப்படிகளின் பட்டியலைக் கேட்பார்கள். அதிலிருந்து அவர்கள் கேட்பதைப் பாட வேண்டும். பட்டியலை நீட்டி எழுதிவிட்டுப் பாதி மறந்துபோய் நிற்காதீர்கள். முகம் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து மதிப்பிடுவதுதான் இந்தத் தேர்வின் சிறப்பு. கிரேடு கிடைத்தால் வருஷத்தில் சில முறை நிகழ்ச்சி வரும், சன்மானமும் உண்டு. சபா விண்ணப்பத்திலும் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. அதற்கு முன்னாலேயே யுவவாணி மாதிரி இளைஞர் நிகழ்ச்சிகளில் பாடிப் பார்க்கலாம்.

போட்டிகளுக்குப் போவது நல்லதா?

அளவாக. பரிசு பெற்றவர்களுக்குக் கச்சேரி தரும் சபாக்கள் உண்டு. மாவட்டக் கலை மன்றங்கள் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கலை இளமணி, அதற்கு மேல் 35 வரை கலை வளர்மணி விருது தருகின்றன. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஆராதனை 1978 முதல் நடக்கிறது. அங்கேயும் இளையவர்களுக்குப் போட்டிகள் உண்டு. 18 முதல் 25 வயதுக்குள் இருந்தால் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கும் முயலுங்கள். 2 வருஷம் மாதம் 5000 ரூபாய் கிடைக்கும் திட்டம் அது. வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பெரிய ஆதாரம்.

ஆனால் போட்டிக்காகவே ஒரே பாட்டை ஆறு மாதம் மெருகேற்றிக்கொண்டிருந்தால் மனோதர்மம் (மேடையிலேயே கற்பனை செய்து பாடும் திறமை) வளராது.

தமிழ்ப் பாட்டு மட்டும் பாடிக் கச்சேரி செய்ய முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழாவில் தமிழ் உருப்படிகள்தான். அங்கே வாய்ப்புக் கேட்கப் போகும்போது கையில் ஒரு முழுக் கச்சேரிக்குச் சரக்கு இருக்க வேண்டும். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று மெயினுக்கு எடுக்கத் தகுந்தவை ஏராளம். துக்கடாவுக்கு மட்டும் தமிழ் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை மாணவர்கள்தான் மாற்ற முடியும். பண்ணோடு தேவாரம் கற்றவர்களுக்கு அங்கே நடக்கும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும் பயன்படும்.

நாதஸ்வரம், தவில் மாணவர்கள் என்ன செய்வது?

மாவட்ட இசைப் பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றும் பாடமாக இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்குக் கோயிலும் கல்யாணமும் நிச்சயமான வேலை. ஆனால் சபா மேடையில் அவர்களை விழாத் தொடக்கத்தில் மங்கள இசைக்கு மட்டும் கூப்பிட்டு, ரசிகர்கள் வந்து சேர்வதற்குள் முடித்துவிடுகிறார்கள். இது நியாயமில்லை. மணிக்கணக்கில் தோடியை விரித்த மரபு அது. கல்லூரி விழாக்களிலாவது மாலையில் நல்ல நேரத்தை இவர்களுக்குக் கொடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களுக்கு: சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டையில் மல்லாரி (புறப்பாட்டுக்கு வாசிக்கும் உருப்படி), வீதியில் ராக ஆலாபனை என்ற வரிசையை மூத்தவர்களோடு நடந்தே கற்றுக்கொள்ளுங்கள்.

மேடையில் சாகித்யம் (பாட்டின் வரிகள்) மறந்துவிட்டால்?

சுருதியையும் தாளத்தையும் விடாதீர்கள். போன வரியின் சங்கதியை இன்னொரு முறை பாடுங்கள். பெரும்பாலும் அதற்குள் ஞாபகம் வந்துவிடும். வராவிட்டால் பல்லவிக்குத் திரும்புங்கள். முன்னால் போனையோ டேப்லெட்டையோ வைத்துப் பார்த்துப் பாடுவது வேண்டாம். கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கவாத்தியத்தையும் பார்க்க முடியாது, சபையையும் பார்க்க முடியாது.

குருவிடம் கேட்காமல் கச்சேரி ஒப்புக்கொள்ளலாமா?

கூடாது. கல்லூரியில் பல ஆசிரியர்கள் இருப்பதால் யாரைக் கேட்பது என்று குழம்புகிறார்கள். பிரதானமாக யாரிடம் கற்கிறீர்களோ அவரிடம் சொல்லுங்கள். உருப்படிப் பட்டியலையும் காட்டுங்கள். "இந்த ராகம் இப்போது வேண்டாம்" என்று அவர் சொன்னால் காரணம் இருக்கும்.

சென்னைக்கு வராமல் முன்னேற முடியுமா?

முடியும். திருச்சி, மதுரை, கோவை, திருநெல்வேலியில் வானொலி நிலையங்கள் இருக்கின்றன. திருச்சி ரசிக ரஞ்சன சபா மாதிரி பழைய சபாக்கள் வெளியூர்களில் இருக்கின்றன. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. திருவாரூரில் மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) ஜெயந்தி நடக்கிறது. உங்கள் ஊரில் சபாவே இல்லையென்றால் நாலு மாணவர்கள் சேர்ந்து மாதம் ஒரு முறை கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ கச்சேரி வையுங்கள். ஒரு பாய், ஒரு சுருதிப்பெட்டி, குடிக்க வெந்நீர் இருந்தால் ஆயிற்று. முறை வைத்து ஆளுக்கு ஒரு மாதம் பாடுங்கள், மற்றவர்கள் உட்கார்ந்து கேளுங்கள். தேதியை மட்டும் மாற்றாதீர்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்று வைத்தால் அதே ஞாயிறுதான். ஆறு மாதத்தில் ஊர்க்காரர்கள் தாங்களாகவே வரத் தொடங்குவார்கள்.